மனசுக்குள் முதலில் பாடுங்கள்: கற்பனையால் குரலைப் பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்றுச் சேர்ந்தவரும் கேட்கிறார், பல வருடம் பாடியவரும் கேட்கிறார். வாயால் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளிமையானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

பாட்டுக்கும் கற்பனைக்கும் என்ன சம்பந்தம்? வாயைத் திறந்து பாடினால்தானே பாட்டு வரும்?

வீணை வாசிப்பவர் தன் விரல் தண்டின் குறுக்கே உள்ள எந்த மெட்டுக் கம்பியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பாடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. குரல் நாண்கள் தொண்டைக்குள் மறைந்து கிடக்கின்றன. பெரியவர்களுக்கே அவை ஒன்றேகாலிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். பாடும்போது நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிர்கின்றன. 1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய வெளிச்சத்தில் தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அதற்கு முன்பும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் நன்றாகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எப்படி முடிந்தது? ‘ச’ ஸ்வரத்திலிருந்து ‘ப’ ஸ்வரத்துக்குப் போக எந்தத் தசையை எவ்வளவு இழுப்பது என்று நம்மில் யாரும் கணக்குப் போடுவதில்லை. ‘ப’ எப்படிக் கேட்கும் என்பது மனசில் வந்து நிற்கிறது, தொண்டை அதற்கு ஏற்ற மாதிரி அமைந்துகொள்கிறது. நாம் குரலுக்குக் கொடுக்கும் உத்தரவு பெரும்பாலும் அந்த முன்கூட்டிய ஒலிதான். உத்தரவு மங்கலாக இருந்தால் வருகிற ஸ்வரமும் மங்கலாகத்தான் இருக்கும். கற்பனைப் பயிற்சி என்று நான் சொல்வது இந்த உத்தரவைத் தெளிவாக்கும் வேலையைத்தான்.

அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு தியானம் மாதிரி உட்கார வேண்டுமா?

கட்டாயமில்லை. கண்ணை மூடினால் கவனம் நிற்கிறது என்றால் மூடிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கற்பனையில் மூன்று விதம் உண்டு. சத்தம் போடாமல் ஒரு வரியை உள்ளுக்குள் கேட்பது காதுக் கற்பனை. மூச்சு உள்ளே போவது, வாய் திறப்பது, ஸ்வரம் எழும்பும்போது தொண்டையும் முகமும் இருக்கும் விதம் இவற்றை உணர்ந்து பார்ப்பது உடல் கற்பனை. ஓர் உவமையையோ இடத்தையோ ஆளையோ மனசில் கொண்டுவருவது காட்சிக் கற்பனை.

காதுக் கற்பனைதான் அஸ்திவாரம். பலரும் காட்சியில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மனசில் மலையும் அருவியுமாகப் படம் ஓடுகிறது, சுருதியோ விலகியே நிற்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிகிறது. ஒரு படமும் வருவதில்லை. எனக்கு இது சரிப்பட்டு வருமா?

வரும். மனக்கண்ணில் படமே தோன்றாதவர்கள் இருக்கிறார்கள் என்பது 1880-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் கவனித்து எழுதிய விஷயம். 2015-ல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். இது நோய் கிடையாது. மனம் வேலை செய்யும் விதங்களில் இதுவும் ஒன்று.

படம் வராதவர்களில் சிலருக்கு உள்காது, அதாவது மனசுக்குள் ஒலியைக் கேட்கும் திறன், நன்றாகவே இருக்கும். அதுவும் மங்கலாக இருக்கிறவர்களுக்கு உடல் உணர்வு கைகொடுக்கும்: ஒரு கொட்டாவியின் ஆரம்பம், ஒரு பெருமூச்சின் முடிவு, ‘ம்’ என்று முனகும்போது உதட்டில் வரும் குறுகுறுப்பு. இவற்றை நினைவுக்குக் கொண்டுவர முடிகிறதா? முடிந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் நீங்கள் செய்யலாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? முதல் நாள் என்ன செய்யட்டும்?

நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுருதியை ஒலிக்க விட்டு, கையில் தாளம் போட்டு, அந்த வரியை வாய்விட்டு இரண்டு தடவை பாடுங்கள். மூன்றாவது தடவை முதல் பாதியை வாய்விட்டுப் பாடி, மறுபாதியைச் சத்தமில்லாமல் உள்ளுக்குள் மட்டும் ஓட்டுங்கள். தாளம் நிற்கக் கூடாது. கடைசிச் சொல் வரும் இடத்தில் வாயைத் திறந்து அதை மட்டும் பாடுங்கள். சரியான ஸ்வரத்தில், சரியான அடியில் வந்து விழுந்தீர்களா? இதற்கு நான் ‘விட்டுப் பிடிப்பது’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பெரும்பாலும் முதல் நாளில் இரண்டு விஷயம் நடக்கும். சத்தமில்லாத பாதியில் வேகம் கூடிவிடும், இல்லாவிட்டால் ஓர் இடம் வெறுமையாக இருக்கும்: அங்கே என்ன ஸ்வரம் என்று தெரியாமலே இத்தனை நாள் பாடியிருப்போம். அந்த வெறுமைதான் இந்தப் பயிற்சியின் லாபம். அந்த ஓர் இடத்தை மட்டும் கேட்டு, கற்று, திரும்ப ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமில்லாத பகுதியை நீட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மனசு அலைய ஆரம்பிக்கும். அலைகிற மனசோடு செய்வது வீண்.

மனசுக்குள் சரியாகத்தான் கேட்கிறது. வாயைத் திறந்தால் வேறு எங்கேயோ போய் நிற்கிறேன். எனக்குச் சுருதி ஞானமே இல்லையா?

இருக்கிறது, பயப்பட வேண்டாம். 1994-ல் டேனியல் லெவிட்டின் என்ற உளவியல் ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளை, எந்த உதவியும் இல்லாமல் நினைவிலிருந்து பாடச் சொன்னபோது, பத்தில் நான்கு பேர் குறைந்தது ஒரு முறையாவது ஒலிப்பதிவில் இருந்த அதே சுருதியில் பாடினார்கள். சாதாரண மனிதரின் உள்காது நாம் நினைப்பதைவிடத் துல்லியமானது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். வேறொருவர் அதே வரியைப் பாடும்போது, அவர் ஸ்வரம் விலகினால் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் காதில் குறையில்லை. பெரும்பாலும் அவசரம்தான் காரணம். என்னிடம் பயின்ற ஒரு பெண் ஒவ்வொரு முறையும் ‘ப’வைக் கீழிருந்து வழுக்கிக்கொண்டுதான் பிடிப்பார். உற்றுக் கேட்டபோது புரிந்தது: மூச்சை எடுத்ததும் பாடிவிடுகிறார், பாட ஆரம்பித்த பிறகுதான் ஸ்வரத்தைத் தேடுகிறார். “மூச்சு உள்ளே போகும்போதே ‘ப’வைக் கேளுங்கள். கேட்கிற வரைக்கும் பாட வேண்டாம்” என்றேன். முதல் இரண்டு தடவை மூச்சு எடுத்துவிட்டுப் பாடாமலே விட்டுவிட்டார். மூன்றாவது தடவை ‘ப’ நேராக வந்து உட்கார்ந்தது. அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூச்சு எடுக்கிற நேரமும் ஸ்வரத்தைக் கேட்கிற நேரமும் ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் ஸ்தாயிக்குப் போனாலே கழுத்து இறுகிவிடுகிறது. எதை நினைத்துக்கொண்டு பாட வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கேள்வியிலேயே இருக்கிறது. ‘மேல்’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. அலமாரியின் உச்சியில் இருக்கும் பொருளை எடுக்கப் போகிற மாதிரி முகவாய் உயர்கிறது, புருவம் ஏறுகிறது, சிலருக்குக் குதிகால்கூட எழும்புகிறது. உண்மையில் தொண்டைக்குள் எதுவும் எட்டிப் பறிக்க வேண்டியதில்லை. குரல் நாண்கள் முன்பின்னாக இழுபட்டு, நீண்டு, மெலிகின்றன. ஸ்வரம் உயர்வது அதனால்தான். ஆகவே நான் ரப்பர் பட்டையைச் சொல்வேன்: ஸ்வரம் போகப் போக ஒரு ரப்பர் பட்டை உங்களுக்கு முன்னால் படுக்கையாக நீள்கிறது. உயரம் இல்லை, நீளம்.

சிலருக்குக் கையும் சேர்ந்தால்தான் கற்பனை பிடிபடும். ஸ்வரம் ஏறும்போது உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்குங்கள், ஒரு பஞ்சுத் தலையணையை அமுக்குகிற மாதிரி. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உச்சி ஸ்வரத்தில் உடல் இறங்குகிறது, குரல் ஏறுகிறது. ஒரு வாரம் இப்படிப் பாடிவிட்டு, பிறகு கையை அசைக்காமல் அந்த இறக்கத்தை நினைத்து மட்டும் பாடுங்கள்.

இன்னொன்று, மூச்சு எடுக்கும் விதம். மணமுள்ள ஒரு பூவை முகர்கிற மாதிரி எடுத்துப் பாருங்கள். தொண்டை விரிவது தெரியும். ‘தொண்டையை விரி’ என்று சொன்னால் யாராலும் செய்ய முடிவதில்லை. பூ என்றால் உடனே செய்கிறார்கள். இதையெல்லாம் செய்த பிறகும் வலி இருந்தால், அந்த ஸ்தாயி இன்றைக்கு உங்களுடையதல்ல. சுருதியைக் குறைத்துப் பாடுங்கள். வலியைக் கற்பனையால் மூடக் கூடாது.

‘அடிவயிற்றிலிருந்து பாடு’, ‘மண்டைக்குள் ஒலிக்க விடு’ என்றெல்லாம் சொல்கிறார்களே. உடலில் அப்படி நடப்பதே இல்லையாமே?

ஆமாம், சொல்லுக்குச் சொல் பார்த்தால் நடப்பதில்லை. மூச்சு நுரையீரலைத் தாண்டி வயிற்றுக்குப் போவதில்லை. நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் என்ற தசை இறங்கும்போது வயிற்றில் உள்ளவை தள்ளப்படுவதால் வயிறு முன்னால் வருகிறது, அவ்வளவுதான். ஒலிக்கு நிறம் கொடுப்பது குரல் நாண்களுக்கு மேலே தொண்டை, வாய், மூக்கு வரை உள்ள பாதை. வளர்ந்த ஆணுக்குக் குரல் நாணிலிருந்து உதடு வரை சுமார் 17 சென்டிமீட்டர். மண்டையில் நாம் உணர்வது அந்த ஒலியால் எலும்பில் ஏற்படும் அதிர்வு.

அதனால் அந்த வாக்கியங்கள் பொய் என்று தூக்கிப்போடவும் வேண்டாம். ‘மண்டையில் ஒலிக்க விடு’ என்றதும் ஒருவரின் நாக்கு தளர்ந்து, வாயின் பின்பக்கம் மேலே இருக்கும் மென்மையான அண்ணம் எழும்பி ஒலி தெளிகிறது என்றால் அந்த வாக்கியம் தன் வேலையைச் செய்துவிட்டது. உவமையை உவமையாக வைத்துக்கொள்ளுங்கள், உடற்கூறாக நம்பாதீர்கள். ‘வயிற்றிலிருந்து’ என்பதை அப்படியே நம்பி வயிற்றைக் கல் மாதிரி இறுக்கிக்கொண்டு பாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த வாக்கியமே கெடுதல்.

தோழிக்குச் சொன்ன அதே உவமை எனக்கு வேலை செய்யவில்லையே?

செய்யாது. உவமை ஒவ்வொருவரின் அனுபவத்திலிருந்து வருவது. நீச்சல் தெரிந்தவரிடம் ‘நீரில் மிதக்கிற மாதிரி’ என்றால் உடல் தளரும். தண்ணீருக்குப் பயந்தவரிடம் சொன்னால் இறுகும். ஒரே உவமையோடு நாள் கணக்காக மல்லுக்கட்டாதீர்கள். மூன்று தடவையில் ஒலி மாறவில்லை என்றால் வேறொன்றை எடுங்கள். மாறியதா என்பதை உங்கள் உணர்வை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள்.

மனசுக்குள்ளேயே பழகினால் போதுமா? வீட்டில் சத்தம் போட முடியாது.

போதாது, ஆனால் வீணும் போகாது. ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். பியானோ பழகாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் தினம் 2 மணி நேரம், 5 நாள் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே நேரம் விரலை அசைக்காமல் வாசிப்பதாக நினைத்துக்கொண்டார்கள். விரலை இயக்கும் மூளைப் பகுதியில் இரு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மாற்றம் தெரிந்தது. வாசிப்பில் மட்டும் நினைத்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். பிறகு ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் நிஜமாக வாசித்ததும் மற்றவர்களை எட்டிவிட்டார்கள்.

அது பியானோ, இது குரல். இருந்தாலும் என் அனுபவமும் அதையே சொல்கிறது. சொல், தாளம், ஸ்வர வரிசை, மூச்சு எடுக்கும் இடம் எல்லாவற்றையும் மௌனமாகவே முடித்துவிடலாம். மூச்சின் பலம், நீண்ட நேரம் பாடும் தெம்பு, பிருகாக்களின் (வேகமாக உருளும் ஸ்வரக் கோர்வைகளின்) வேகம் இதெல்லாம் வாய்விட்டுப் பாடினால்தான் வரும். நேரமும் இடமும் குறைவாக உள்ளவர்கள் பாட்டை மௌனமாகக் கற்று, கிடைக்கிற சத்தமான அரை மணி நேரத்தை முழுக்கக் குரலுக்கே செலவிடுங்கள்.

தொண்டை கட்டியிருக்கிறது. மனசுக்குள் பாடலாமா?

பாடலாம், அளவோடு. உள்ளுக்குள் பாடும்போதும் தொண்டைத் தசைகள் லேசாக அசைந்துகொடுக்கலாம். அதனால் கடினமான உச்சி ஸ்வரங்களை விட்டுவிட்டு, மெதுவான பகுதிகளை ஓட்டுங்கள். தொண்டை இறுகுவது தெரிந்தால் நிறுத்தி, பதிவைக் கேட்பதோடு இருங்கள். கிசுகிசுவென்று பாடிப் பார்ப்பது ஓய்வாகாது. குரல் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சரியாகாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிடித்த பாடகரை நினைத்துக்கொண்டு பாடினால் நன்றாக வருகிறது. ஆனால் அவர் மாதிரியே வந்துவிடுகிறதே?

அதில் தவறில்லை, கொஞ்ச காலத்துக்கு. உள்காதில் நல்ல ஒலி ஒன்று இருந்தால்தான் குரல் அதைத் தேடிப் போகும். எல்லோரும் அப்படித்தான் கற்றோம். அவருடைய குரலின் கனத்தை எடுக்கப் போகும்போதுதான் ஆபத்து. அவருடைய தொண்டையின் அமைப்பு வேறு, உங்களுடையது வேறு. கனமான குரலைப் போலி செய்ய நாக்கை அழுத்தி ஒலியை இருட்டாக்கிக்கொண்டவர்கள், பிறகு அதைக் கழற்ற மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள்.

அந்த வரியை அவர் குரலில் உள்ளுக்குள் கேளுங்கள். அடுத்து அதே வரியை, அதே சங்கதிகளோடு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களோடு), உங்கள் குரலில் உள்ளுக்குள் கேளுங்கள். அதன் பிறகே வாயைத் திறங்கள். நடுவிலுள்ள அந்தப் படியை யாரும் செய்வதில்லை. முதல் முறை முயலும்போது பலருக்கும் தங்கள் சொந்தக் குரல் உள்காதில் எப்படி இருக்கும் என்றே தெரிவதில்லை. உங்கள் பழைய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு முயன்றால் வரும்.

மனசில் பிரமாதமாகப் பாடுகிறேன். பதிவைக் கேட்டால் அழுகை வருகிறது. எது நிஜம்?

பதிவுதான் மற்றவர்கள் கேட்பதற்கு அருகில் இருக்கிறது. நம் குரலை நாம் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறோம். எலும்பு வழி வருவது கீழ் ஒலிகளைக் கூட்டிக் காட்டும். பதிவில் அது இல்லை, அதனால் குரல் மெலிந்து அந்நியமாகத் தெரிகிறது. அந்த அதிர்ச்சிக்கும் பாட்டின் தரத்துக்கும் தொடர்பில்லை. தினமும் ஒரு நிமிடம் கேட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

மனசில் கேட்டது உயர்வாகவும் பதிவு தாழ்வாகவும் இருப்பது எனக்கு நல்ல செய்தி. போக வேண்டிய இடம் உங்களுக்குத் தெரிகிறது. இடைவெளி எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்வரமா, வேகமா, உச்சரிப்பா? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்.

பாட்டின் பொருளை நினைத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நினைக்காவிட்டால் பாட்டு உயிரில்லாமல் இருக்கிறது. என்ன செய்ய?

கஷ்டமான கேள்வி. பொருளைப் பழகும்போது நினையுங்கள், முழுதாக நினையுங்கள். அழுகை வந்தால் வரட்டும். திரும்பத் திரும்ப அந்த இடத்தில் இருந்துவிட்டு வந்தால் அடைப்பு தளரும், நிறம் குரலில் தங்கிவிடும். பாடும் நாளன்று உங்கள் சொந்தத் துக்கத்தைத் தோண்ட வேண்டாம். அந்த வரியை ஒருவரிடம் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்? உங்களைப் பார்க்கிறாரா, பார்வையைத் திருப்பிக்கொண்டாரா? கவனம் உங்கள் தொண்டையை விட்டு அவர் முகத்துக்குப் போய்விடும். குரல் தானாகத் தணியும், தேவையான இடத்தில் எழும்பும்.

மேடை ஏறினால் எல்லாம் மறந்துவிடுகிறது. ‘நன்றாகப் பாடுவதாகக் கற்பனை செய்’ என்கிறார்கள். செய்தும் பயன் இல்லை.

கைதட்டலை மட்டும் கற்பனை செய்தால் பயன் இருக்காது. ஒரு முறை மேடையில் இரண்டாவது சரணத்தின் முதல் சொல் எனக்கு வரவே இல்லை. அந்த ஐந்தாறு நொடி எவ்வளவு நீளம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். பிறகு யோசித்தபோது, அந்தப் பாட்டை எப்போதும் தொடக்கத்திலிருந்து மட்டுமே ஓட்டியிருந்தது புரிந்தது. இப்போது நடுவில் எங்கிருந்து வேண்டுமானாலும் மனசுக்குள் தொடங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பாட்டை மேடைக்குக் கொண்டுபோகிறேன்.

காட்சியை உள்ளிருந்து பாருங்கள்: உங்களை நீங்கள் தூரத்திலிருந்து பார்ப்பதாக வேண்டாம். காலுக்குக் கீழே மேடை, கண்ணில் கூசும் விளக்கு, ஒலிவாங்கியின் உயரம், வறண்ட நாக்கு, வேகமான நெஞ்சுத்துடிப்பு. அதோடேயே மூச்சு எடுத்து முதல் ஸ்வரத்தைக் கேட்பது. ஒரு தவறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொல் மறக்கிறது, தாளம் கையில் ஓடுகிறது, அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறீர்கள். பயம் வராத மேடையைக் கற்பனை செய்து பழகியவர் நிஜ மேடையில் பயம் வந்ததும் திகைத்துப்போகிறார்.

கற்பனையில் பாடினாலும் அதே இடத்தில் அதே தப்பு வருகிறது. இது எப்படி?

தப்பு தொண்டையில் இல்லை, உத்தரவில் இருக்கிறது என்று அர்த்தம். முதல் பதிலில் சொன்னேனே, அதேதான். அந்த இடத்தைத் தவறாகவே மனசு மனப்பாடம் செய்துவிட்டது. ஒவ்வொரு மௌனப் பயிற்சியும் அதை இன்னும் ஆழமாக்கும். அதனால் உடனே நிறுத்துங்கள்.

மூலப் பதிவையோ ஆசிரியரையோ கேளுங்கள், அந்தச் சொல்லையும் அதற்கு முந்தைய சொல்லையும் மட்டும். பாதி வேகத்தில் உள்ளுக்குள் ஓட்டுங்கள். தப்பு ஸ்வரம் எட்டிப் பார்க்கிற நொடியில் ஓட்டத்தை நிறுத்தி, முந்தைய சொல்லிலேயே நின்று, அங்கிருந்து சரியான ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். சுருதியோடு ஒத்துப்பார்த்துவிட்டு மறுபடி மௌனம். மூன்று முறை மௌனத்தில் தடுமாறாமல் கடந்த பிறகு முழு வரிக்கு வாருங்கள். சிலருக்கு ஒரே நாளில் சரியாகிறது. பல வருடமாகத் தவறாகப் பாடிய பாட்டென்றால் அதை ஒரு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு, புதுப் பாட்டாக முதலிலிருந்து கற்பதுதான் சீக்கிரம் முடிகிற வழி.